உப்புக்காலும் ஒற்றை விரல் மிருகமும்

வாப்பாவின் வலக்காலை நான் மூன்று முறை எக்ஸ்ரே எடுத்தேன். முதல் படத்தில் ஐந்து விரல்கள். இரண்டாவதில் மூன்று. கடைசிப் படத்தில் ஒன்று. மூன்றும் என் அலுமாரியில் ஒரே உறைக்குள் இருக்கின்றன.

அவர் பெயர் பதுர்தீன். புத்தளத்து உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் உப்பு வாரினார். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் வீட்டில் அவரைக் காண முடியாது. விடிய முன்னர் சைக்கிளில் போவார். வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைப் பிடுங்கும் என்பதால் பத்து மணிக்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும். பாத்திக்குள் இறங்கி, நீண்ட பிடி போட்ட பலகையால் உப்பை இழுத்து வரம்போரம் குவிக்கிற வேலை. கணுக்கால் வரை உப்பு நீர். அடியில் பரல் பரலாக உப்பு.

பின்னாட்களில் எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். வாப்பா தன்னுடையதை உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அதில் கறிவேப்பிலைக் கன்று நட்டார்.

"பூட்ஸ் போட்டவனுக்கு உப்புக்கால் வராது" என்பார் வாப்பா.

உப்புக்கால் என்பது அவர்களுடைய சொல். புதிதாக வருகிறவனின் பாதம் முதல் மாதத்தில் வெடிக்கும், இரத்தம் வரும், உப்பு நீர் பட்டால் உயிர் போகும். பிறகு தோல் தடிக்கும். ஒரு நாள் வலி நின்றுவிடும். அன்றைக்கு அவனுக்கு உப்புக்கால் வந்துவிட்டது என்று தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த நஸீர் மாமாவை உப்பளத்தில் சேர்த்துவிட்டது வாப்பாதான். அவர் கடலில் மீன் பிடித்தவர். முதல் வாரம் பாத்தி வரம்பில் உட்கார்ந்து அழுதாராம். "பொறு நஸீரு, உப்புக்கால் வரும்" என்று வாப்பா சொன்னாராம். வந்தது. இருவரும் அதன்பிறகு கூட்டாளிகள்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் சாம்பிராணி போடும்போது தட்டிலிருந்து தணல் விழுந்தால் வாப்பா வெறுங்காலால் மிதித்து அணைப்பார். நான் சின்னவளாக இருந்தபோது கை தட்டுவேன். சில வேளை வேண்டுமென்றே ஒரு தணலைத் தட்டி விடுவேன். என் கல்யாணம் முடிந்த முதல் வெள்ளி, மருமகன் ஹஸ்மிக்கும் அதைச் செய்து காட்டினார். அப்போது நான் எக்ஸ்ரே படிப்பை முடித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை செய்திருந்தேன். அப்போதும் கை தட்டினேன்.

சீனி வருத்தம் எனும் நீரிழிவு உள்ளவர்களின் காலில் உணர்ச்சி செத்துப்போகும் என்று படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் படித்தேன். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது. அது பெருமையான பெயர். வாப்பாவுக்குச் சீனி இருப்பது எங்களுக்குத் தெரியும், குளிசை போட்டார். இரண்டையும் நான் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

சென்ற வருடம் ஆகஸ்டில் உம்மாதான் கூப்பிட்டார். "மகள், வாப்பா நடக்கிற இடமெல்லாம் தரையில ஒரு ஈரம் ஈக்கிது. என்னெண்டு வந்து பாருங்க."

சுண்டு விரலுக்குக் கீழே ஒரு சிப்பித் துண்டு, நகமளவு, உள்ளே போயிருந்தது. எத்தனை நாள் என்று கேட்டேன்.

"சிப்பியா? எனக்கென்ன தெரியும்?" என்றார் வாப்பா. "அது குத்தினா எனக்குச் செல்லியிருக்குமே."

அன்றே படம் எடுத்தேன். சுண்டு விரல் எலும்பும் அதற்கடுத்ததும் ஓரங்களில் கறையான் தின்றது போல இருந்தன. இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

எங்கள் வழக்கப்படி மனித உடம்பிலிருந்து எடுத்ததை எறிய முடியாது. அதையும் அடக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்து, ஒரு சிறிய பெட்டியில் வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, ஹஸ்மி மையவாடிக்குக் கொண்டுபோய் மதில் ஓரமாக அடக்கினார். தொழுகை இல்லை. பெண்கள் போவதில்லை. நான் வேலையில் இருந்தேன்.

வாப்பா கட்டிலில் கிடந்தபடி கேட்டார். "எந்தப் பக்கம் வெச்சீங்க மருமகன்?"

"மேற்கு மதிலோரம் மாமா. வேப்ப மரத்துக்குக் கிட்ட."

"நல்ல இடம். நிழல் ஈக்கி. பஸ்ஸில லேஞ்சி போட்டு சீட் புடிக்கிற மாதிரி நான் ரெண்டு விரலப் போட்டு இடம் புடிச்சிட்டேன்."

உம்மா "வாய மூடுங்க" என்று சத்தம் போட்டார். ஹஸ்மி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

நவம்பரில் மறுபடி காய்ச்சல். இரண்டாவது படம். இரண்டாம், மூன்றாம் விரல்களிலும் அதே கறையான். எடுத்தால் பெருவிரல் மட்டும்தான் மிஞ்சும். எடுக்காவிட்டால் பாதத்துக்குள் ஏறும். டாக்டர் தமிழில்தான் விளங்கப்படுத்தினார், பொறுமையாக. வாப்பா கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார்.

அவருடைய வார்டு ஜன்னலுக்கு வெளியே மதிலடியில் இரண்டு கழுதைகள் நின்றன. ஒன்று காட்போட் பெட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது.

"அந்தா பாருங்க மகள். அவனுக்கு ஒரு காலுக்கு எத்தின விரல்?"

"ஒண்டு. அது குளம்பு வாப்பா."

"அதத்தான் செல்றேன். புத்தளத்தான் எண்டா கழுத எண்டு கொழும்பில பகிடி பண்ணுவாங்க. இனி நீங்க படம் எடுத்தே காட்டலாம்." பிறகு பகிடி இல்லாத குரலில், "ஒத்த விரலோட ஒரு மனிசன் நிக்க ஏலாது மகள். உழுந்து கிடந்து சாவறதவிட நிண்டுகொண்டு சாவலாம்" என்றார்.

பகல் சாப்பாட்டு நேரம் நான் எக்ஸ்ரே அறையில் இருந்து போனில் கழுதையின் கால் எலும்புப் படம் தேடினேன். கழுதை நிற்பது ஒரே விரலில் என்று அவருக்குக் காட்டத்தான். தேடும்போது வேறொரு கால் அகப்பட்டது. தோவாதேரியம் என்று பெயர். தென்னமெரிக்காவில் வாழ்ந்த குளம்பு மிருகம். சின்ன மான் அளவு. குதிரைக்குச் சொந்தமில்லை. ஆனால் குதிரைக்கு நடந்ததே இதற்கும் தனியாக நடந்திருக்கிறது. பக்க விரல்கள் ஒவ்வொன்றாக இல்லாமல்போய், ஒரு விரலும் ஒரு குளம்பும் மிஞ்சியிருக்கின்றன. அந்த எலும்புப் படத்தை நான் நீண்ட நேரம் பார்த்தேன். சுத்தமான கால். நான் பார்த்த எந்தக் காலையும்விடச் சுத்தம்.

வார்டுக்குப் போய் போனை வாப்பாவிடம் நீட்டினேன்.

"இது பேரு தோவாதேரியம் வாப்பா."

"என்னது, துஆவா?" பிரார்த்தனை என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

"தோவா. தோவாதேரியம்."

"துஆ கேக்கிற மிருகமா?"

"இல்ல வாப்பா. வேகமா ஓடுற மிருகம் எண்டு கருத்து. இதுட மூத்த பரம்பரைக்கு அஞ்சு விரல் இருந்திச்சி. பிறகு மூணு. பிறகு ஒண்டு. மத்த விரலெல்லாம் போகப் போகத்தான் நல்லா ஓடினது."

அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். உப்பளத்து ஓரத்தில் செத்துக் காய்ந்த கழுதைகளின் எலும்பை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். "கழுதட காலில ரெண்டு பக்கமும் ஈர்க்கு மாதிரி ரெண்டு எலும்பு ஈக்கும். இதுக்கு அதுவும் இல்லியே."

"கடுகளவு ஈக்கி. கழுதையவிட இதுதான் முழுசா ஒத்த விரல்."

"ஓடிச்சா?"

"மான் மாதிரி."

"எங்க ஈக்கி?"

"தென்னமெரிக்காவில."

அந்தப் பதிலில் வினைச்சொல் இல்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இருந்தது என்றும் சொல்லவில்லை. தமிழில் அப்படிச் சொல்லலாம். நான் தெரிந்துதான் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் மீதியும் எழுதியிருந்தது. நான் அதையும் படித்திருந்தேன். தோவாதேரியம் அழிந்து ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதே குடும்பத்தில் மூன்று விரலோடு நின்றுவிட்ட மிருகங்கள் அதற்குப் பிறகும் ஒரு கோடி வருடத்துக்கு மேல் இருந்திருக்கின்றன. கடைசி மூன்று விரல்காரன், மனிதர்கள் அந்தக் கண்டத்துக்கு வந்த காலம்வரைகூட இருந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்த மிருகம் நின்றது நடுவிரலில். வாப்பாவுக்கு மிஞ்சப்போவது பெருவிரல்.

இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. அவர் கையெழுத்து வைத்தார்.

இரண்டு மாதம் நன்றாக இருந்தார். கையில் ஒரு தடி, காலில் ஹஸ்மி கொழும்பில் செய்வித்த சப்பாத்து. காலையில் மீன் சந்தை மட்டும் நடப்பார். நெத்தலி வாங்குகிறவர்களை நிறுத்தி வைத்துக் கதை சொல்வார். உம்மா கேட்டுவிட்டு வந்து எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்: "தென்னமெரிக்காவில ஒரு மிருகம் ஈக்கி. துஆ மிருகம். ஒத்த விரல். ஓடினா ஜீப்பாலயும் புடிக்க ஏலாது. நான் இப்ப அந்த ஜாதி." ஒரு வியாபாரி, "அப்ப ஒரு ஓட்டம் ஓடுங்க பதுர்தீன் நானா, பார்ப்பம்" என்றாராம். வாப்பா தடியை மீன் தட்டில் சாய்த்துவிட்டு நான்கு எட்டு வேகமாக நடந்து காட்டினாராம். உம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். இந்தப் பொய் நல்ல பொய் என்று நினைத்தேன்.

பெப்ரவரியில் குதிக்கால் கறுத்தது. ஒற்றை விரலில் பாரம் சரியாக விழவில்லை, குதி தாங்கியிருக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. மூன்றாவது படத்தில் குதி எலும்புக்குள் கறையான். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் என்றார் டாக்டர்.

நான் படத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். வாப்பா என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"மகள், அந்த துஆ மிருகம் மௌத்தாப் பெய்த்தா?"

படத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"நஸீர்ட மகள் அக்கீலா பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிறாதானே. நான் பேரச் செல்லிக் கேட்டேன். புள்ள போனில பார்த்துட்டு, 'பெரியப்பா, அப்பிடி ஒரு மிருகம் இப்ப இல்ல' எண்டா. உண்மையா?"

"ஓம் வாப்பா."

"எப்ப?"

"ஒண்டரைக் கோடி வருஷத்துக்கு மேல."

"மூணு விரல் உள்ளது எல்லாம்?"

"அதுகள் பிறகும் கனகாலம் இருந்திச்சி."

அக்கீலாமேல் பிழையில்லை. கேட்ட கேள்விக்கு அவள் முழுப் பதில் சொன்னாள்.

"எனக்கு அந்த நேரம் மூணு விரல் இருந்திச்சி" என்றார் வாப்பா.

"வாப்பா, அந்த ரெண்டு விரலும் பழுதாப் போனது. மிருகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இந்தப் படத்தப் பாருங்க, குதியில..."

"படத்தக் கொண்டுபோங்க மகள். அந்த மிருகத்தையும் நீங்க படத்திலதான் காட்டினீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று நாள் அவர் சம்மதிக்கவில்லை. டாக்டர் பேசினார். உம்மா அழுதார். ஹஸ்மி கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்து, "மாமா, எனக்காக" என்றார். "உங்கட காலா மருமகன்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நஸீர் மாமா யாஸீன் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடித்தார். கையெழுத்து வைக்கவில்லை. நான் தினமும் இரண்டு முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு தாளோடு போனேன். இரத்த அறிக்கை, படம், டாக்டரின் குறிப்பு. அவர் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை வெறுங்கையோடு போனேன். காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. கை உலர்ந்து சுட்டது.

"வாப்பா, நான் பாதிதான் செல்லியிருந்தேன். பயத்தில."

"தெரியும்."

"இப்ப முழுசாச் செல்லவா?"

"செல்லுங்க."

சொன்னேன். வெட்டினால் பிழைக்கப் பாதிக்குப் பாதி. நேற்று வரை அதைவிடக் கூட இருந்தது. வெட்டாவிட்டால் ஒரு வாரம் இருக்காது. பிழைத்தாலும் இடது காலிலும் உணர்ச்சி இல்லை, அதையும் ஒரு நாள் பார்க்க வேண்டி வரும். உப்புக்கால் என்று நாங்கள் சொன்னது உப்பால் வந்ததில்லை. சீனியால் வந்தது. தணலை மிதித்தபோது நான் கை தட்டியிருக்கக் கூடாது.

சீனியைப் பற்றிச் சொன்னதுதான் அவருக்குப் புதிது. "அப்ப அது உப்பில்லியா?" என்றார்.

"இல்ல வாப்பா."

"நான் எத்தின பேருக்குச் செல்லிட்டேன் அல்லாஹ்வே." பிறகு, "தாளக் கொண்டாங்க" என்றார்.

ஒரு நிமிடம் ஆகவில்லை. மூன்று நாள் தாளாலும் படத்தாலும் முடியாதது.

கையெழுத்து ஒன்பதே முக்காலுக்கு. பதினொரு மணிக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. மயக்க மருந்து கொடுக்க முடியாது, ஏறும்வரை பார்க்க வேண்டும் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், கூட்டினார்கள். ஏறவில்லை. பிற்பகல் அஸர் பாங்கு கேட்கும்போது உம்மா கலிமா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாப்பா முதல் பாதியைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னாரா என்று நானும் உம்மாவும் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாமல் இருக்கிறோம். சொன்னார் என்கிறார் உம்மா. உதடு அசைந்ததை நானும் பார்த்தேன்.

கால் உடம்போடு போனது. மேற்கு மதிலோரம், வேப்ப மரத்துக்குக் கிட்ட. நான்கு விரல்கள் முன்னரே பிடித்து வைத்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி என்று ஹஸ்மி சொன்னார். நான் பார்த்ததில்லை.

உம்மா இப்போது இத்தா இருக்கிறார், கணவனை இழந்தவளுக்கான நான்கு மாதம் பத்து நாள். வெளி ஆண்கள் வந்தால் அறைக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் உட்காருவார். போன ஞாயிறு நஸீர் மாமா வந்தார். ஒரு பையில் கொடுவா மீன்.

"ஜெய்னம்பு தாத்தா எப்பிடி?" என்று திரையைப் பார்த்து உம்மாவைக் கேட்டார். எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா.

"ஈக்கிறேன் தம்பி. அல்லாஹ்ட காவல். ஏன் மீனெல்லாம், ஆர் தின்ன ஈக்கிறது?"

"நீங்க தின்னாட்டி மகள் தின்னட்டும். சாகிறளவு மெலிஞ்சீக்கிறா."

கதிரையைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. எழும்பி வாசலுக்குப் போனேன். படலைக்கு வெளியே, மணலில், அவருடைய மற்றச் செருப்பு கிடந்தது. எடுத்து வந்து காலடியில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "இது எப்ப கழண்டிச்சி?" என்று சிரித்தார். "செருப்பு போட்டா என்ன, போடாட்டி என்ன. உப்புக்கால்தானே."

"சீனி பார்த்தீங்களா மாமா?"

"ரெண்டு வருஷம் முந்தி கொஞ்சம் ஈக்கி எண்டாங்க. அது எல்லாருக்கும் ஈக்கிறதுதானே."

வாப்பா ஓய்வு நாளில் தூண்டில் போடக் கொண்டுபோகிற பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. அதிலிருந்த தங்கூசியில், தூண்டில் நரம்பில், ஒரு சாண் வெட்டினேன். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கிளினிக்கில் இதற்கென்று ஒரு நைலோன் இழை உண்டு. வீட்டில் தங்கூசி போதும். அது எங்கள் வீட்டிலேயே முப்பது வருடமாகக் கிடந்திருக்கிறது.

"காலை இந்தக் கதிரையில வைங்க மாமா. கண்ண மூடுங்க. நான் தொட்டா 'தொட்டாச்சி' எண்டு செல்லுங்க."

"என்ன வெளையாட்டு மகள் இது?"

"மூடுங்க."

மூடினார். நான் தரையில் உட்கார்ந்தேன். தடித்த, வெளிறிய பாதம். வாப்பாவுடையதைப் போலவே. பெருவிரலடியில் தங்கூசி வளையும்வரை அழுத்தினேன். நடுப்பாதத்தில் அழுத்தினேன். சுண்டு விரலடியில், குதியில், மறுபடி பெருவிரலில். ஐந்து முறை. ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணும்வரை.

நஸீர் மாமா கண்ணை மூடியபடி, நல்ல பிள்ளை மாதிரி, முகத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

"ம். தொடுங்க மகள்" என்றார்.

திரைச்சீலை அசைந்தது. உம்மா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"கண்ணத் திறங்க மாமா" என்றேன். "உங்களுக்கு ஒரு கதை செல்லணும். முழுசாச் செல்லுவேன். நடுவில எழும்பிப் போகக் கூடாது."